விளம்பரச் சொல்லும் வழக்குமன்றமும்

நாகபுரியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து பயணம் செய்தோர், ஓர் ஊர் நெருங்குகிறது என்பதை ஸ்டேஷனின் பெயர்ப்பலகையைக் கண்டு அறிவதில்லை. அதற்கு ஒரு மைல் முன்னதாகவே தண்டவாளத்தை ஒட்டிய மதிற்சுவர்கள் அதனை அறிவித்துவிடும். வெள்ளை பூசிய சுவரில் ஆளுயர எழுத்துகளில் வைத்தியர்களின் பெயர்கள். அவற்றின்கீழ் அவர்கள் தீர்த்துவைக்கும் நோய்கள். நீரிழிவு, வெண்குஷ்டம், மூலம், பிள்ளைப்பேறின்மை, வாய்விட்டுச் சொல்லக் கூசும் பிற நோய்கள் எல்லாவற்றிற்கும் அங்கே நாள் கணக்கிட்டுத் தீர்வு எழுதப்பட்டிருக்கும். வண்டியின் உள்ளே கழிப்பறைக் கதவிலும் அதே செய்தி சிறு காகிதமாக ஒட்டப்பட்டிருக்கும். சிறு வயதில் நான் இந்தி எழுத்துகளை விரைந்து படிக்கப் பழகியது பள்ளிப் புத்தகத்தைக் காட்டிலும் இச்சுவர்களைக் கொண்டே என்று நண்பர்களிடம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இம்மலரில் எழுதும் அன்பர்கள் பலர் இலக்கியத்தில் தோய்ந்தவர்கள். நான் மெட்ரிக்குலேஷன் அளவில் படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். சட்டம் பயின்றவன் அல்லன். எனினும் பொய் விளம்பரம் என்பதைச் சட்டம் எப்போது, எவ்வாறு பிடிக்கத் தொடங்கிற்று என்னும் வினா பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். நம் சங்கத்து உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் பொறுமையுடன் தீர்ப்புகளைப் படித்துக் காட்டி விளக்கினார். அவரிடம் கற்றதே இக்கட்டுரை. பிழை இருப்பின் அது என்னுடையது.

சந்தையில் மருந்து விற்றவனுக்கு முகம் இருந்தது. பாம்பைக் காட்டினான், வேரைக் காட்டினான், வாய் ஓயாமல் பொய்யும் சொன்னான். ஆனால் அடுத்த வாரச் சந்தைக்கு அவன் மீண்டும் வரவேண்டும், வந்தால் அகப்படுவான். இந்த அச்சம் ஓரளவு அவனைக் கட்டுப்படுத்தியது. அச்சுப் பத்திரிகையும் தபாலும் சேர்ந்து அந்த முகத்தை மறைத்துவிட்டன. நம் நாட்டுத் தபால் இலாகா 1877ஆம் ஆண்டில் வி.பி.பி. முறையைத் தொடங்கியது, 1880இல் மணியார்டரும் தபால் நிலையங்களின் பொறுப்பாயிற்று. நல்ல ஏற்பாடுகள்தாம். கடை இல்லாத ஊருக்கும் புத்தகமும் கடிகாரமும் விதையும் அவற்றால் வந்து சேர்ந்தன. ஆனால் வி.பி.பி.யின் இலக்கணம் யாதெனில், தபால்காரரிடம் பணத்தைக் கட்டிய பின்னரே பொட்டலத்தைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது என்ன என்பதற்கு வாங்குவோன் கையில் உள்ள ஒரே சான்று, பத்திரிகையில் அவன் படித்த விளம்பரம்தான். ஆகவே அந்த விளம்பரச் சொல் எத்தகையது, அது சொன்னவனைக் கட்டுமா என்னும் கேள்வி எழாமல் இருக்க முடியாது.

அக்கேள்விக்குப் புகழ்பெற்ற விடை இங்கிலாந்தில் பிறந்தது. இன்றும் நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் படிக்கும் வழக்கு அது. 1889ஆம் ஆண்டு முதல் ஐரோப்பா முழுவதும் இன்புளுயன்ஸா ஜுரம் அலையலையாகப் பரவிப் பலரை மாய்த்துக்கொண்டிருந்தது. அச்சமயம் லண்டனில் ஒரு கம்பெனி 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற பொருளை விற்றது. ரப்பர் பந்து ஒன்றினுள் கார்பாலிக் அமிலத் தூள். பந்தை அழுத்தினால் குழாய் வழியே தூள் புகைபோல் எழும். அதை மூக்கினால் உறிஞ்சவேண்டும். விலை 10 ஷில்லிங். 1891 நவம்பர் 13ஆம் தேதி 'பால் மால் கெஜட்' பத்திரிகையில் அக்கம்பெனி செய்த விளம்பரம் இதுவே: இப்பந்தை அச்சிட்ட குறிப்பின்படி நாளுக்கு மூன்று முறையாக இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் ஒருவருக்கு இன்புளுயன்ஸா கண்டால் அவருக்கு 100 பவுன் கொடுக்கப்படும், எங்கள் சொல்லில் ஐயம் வேண்டா, இதற்காக 1000 பவுன் அலையன்ஸ் பாங்கில் போடப்பட்டிருக்கிறது.

லூயிஸா எலிசபெத் கார்லில் என்னும் அம்மையார் இதனைப் படித்தார். நவம்பர் 20ஆம் தேதி ஒரு பந்தை வாங்கினார். சொன்னபடி நாள்தோறும் மூன்று முறை உறிஞ்சினார். இரண்டு வாரத்துடன் நிறுத்தவும் இல்லை. 1892 ஜனவரி 17 வரை விடாமல் செய்தார். அன்று அவருக்கு இன்புளுயன்ஸா கண்டது. சட்டப் பயிற்சி பெற்ற அவர் கணவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், பதில் இல்லை. மீண்டும் எழுதினார். முடிவில் வந்த பதில் படித்து மகிழத்தக்கது. பொய்யாகப் பணம் கேட்போரிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், பரிசு கோருவோர் தினமும் கம்பெனியின் அலுவலகத்திற்கே வந்து, செயலாளரின் கண்ணெதிரே பந்தை உறிஞ்ச வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஏமாற்றியவன் ஏமாந்தவனைப் பார்த்து 'நீ நேர்மையானவன்தானா?' என்று கேட்கும் இவ்வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

வழக்கு ஹாக்கின்ஸ் என்ற நீதிபதியின் முன் வந்தபோது கம்பெனிக்காக வாதாடியவர்களுள் ஒருவர், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியான ஆஸ்க்வித். அம்மையார் வென்றார். கம்பெனி அப்பீல் செய்தது. லிண்ட்லி, போவன், ஏ. எல். ஸ்மித் ஆகிய மூவர் 1892 டிசம்பர் 7ஆம் தேதி அப்பீலைத் தள்ளினர். கம்பெனியின் வாதங்கள் இன்றும் விளம்பரதாரர் வாயில் கேட்கும் வாதங்களே. விளம்பரம் என்பது வியாபாரிகள் செய்யும் வெறும் புகழ்ச்சி, அதை யாரும் வாக்குறுதியாகக் கொள்ளமாட்டார் என்றனர். அப்படியாயின் பாங்கில் 1000 பவுன் போட்டதாக அச்சிட்டது எதற்கு என்று நீதிபதிகள் வினவினர். உலகத்தார் அனைவருடனும் ஒருவன் ஒப்பந்தம் செய்ய இயலுமா என்றனர். உலகுக்கே வாக்குக் கொடுக்கலாம், அதைக் கேட்டு முன்வந்து நிபந்தனையை நிறைவேற்றியவரோடு ஒப்பந்தம் ஏற்படும் என்பது விடை. ஏற்றுக்கொண்டதாக அம்மையார் தெரிவிக்கவில்லையே என்றனர். காணாமற்போன நாயைக் கண்டுபிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்று விளம்பரம் செய்தால், நாயைத் தேடப் புறப்படுவோர் ஒவ்வொருவரும் முதலில் கடிதம் எழுதிவிட்டா தேடுவார் என்று போவன் எடுத்துக்காட்டினார். நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பாகும் என்னும் இக்கருத்து, நம் நாட்டு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுவது நமக்குப் பெருமை.

இத்தீர்ப்பைப் புகழ்வோர் பலர். எனக்கோ அதைப் படித்தபோது ஒரு குறை தென்பட்டது. அம்மையார் வென்றது பந்து பயனற்றது என்பதனால் அன்று. விளம்பரத்தில் 100 பவுன் என்று ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தது என்பதனால். 'இப்பந்து இன்புளுயன்ஸாவைத் தடுக்கும்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த 100 பவுனை அவர் கேட்டிருக்க இயலாது. விளம்பரதாரர் இதிலிருந்து கற்ற பாடம், பொய் கூறாதே என்பது அன்று. தொகை கூறாதே, கூறினால் வேலி போட்டுக் கூறு என்பதுதான். வழக்கில் தோற்ற அந்தக் கம்பெனியே 1893 பிப்ரவரியில் மறுபடியும் விளம்பரம் செய்தது. முன்னர் 100 பவுன் பரிசு அறிவித்தோம், ஆயிரக்கணக்கில் விற்றும் மூவரே பணம் கோரினர், இம்முறை 200 பவுன் என்றது. தோல்வியையே விளம்பரமாக்கிய இச்சாமர்த்தியத்தை என்னென்பது! இம்முறை நிபந்தனைகள் பொடி எழுத்தில் நீண்டிருந்தன. கார்லில் அம்மையார் 1942ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, 96ஆம் வயதில் காலமானார். மருத்துவர் குறித்த காரணங்கள் இரண்டு: மூப்பு, இன்புளுயன்ஸா.

இனி நம் நாட்டைக் காண்போம். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் மோசடிக்குத் தண்டனை இருந்தது. ஆனால் விற்றவன் மனத்தில் வஞ்சக எண்ணம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மருந்து விற்றவனோ, 'நான் உண்மையென நம்பியே விற்றேன், இவருக்குப் பலிக்கவில்லை, மற்றவர்க்குப் பலித்தது' என்று கூறித் தப்பலாம். போலி மருந்துகளைப் பற்றி ஆராய 1930இல் கர்னல் சோப்ரா தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமர்த்தியது. அதன் அறிக்கை 1931இல் வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1940இல், மருந்துச் சட்டம் பிறந்தது. அது மருந்தின் தரத்தைக் கவனித்தது. மருந்தைப் பற்றிய பேச்சைக் கவனிக்கவில்லை. சீசாவில் உள்ளது கலப்படமற்ற சுக்குக் கஷாயமாக இருந்தால், அதைக் குருடும் செவிடும் தீர்க்கும் மருந்தென்று அச்சிடுவதைத் தடுக்க அதனால் முடியவில்லை.

சுதந்திரம் பெற்ற பின்பு, ராஜகுமாரி அம்ரித் கௌர் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தில், 1954ஆம் ஆண்டின் 21ஆவது சட்டமாக 'மருந்துகளும் மாய நிவாரணங்களும் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்' நிறைவேறியது. 1955 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் கார்லில் வழக்கின் வழியில் செல்லவில்லை. வாக்குறுதி இருந்ததா, ஒப்பந்தம் ஆயிற்றா, வாங்கியவர் எவர் என்றெல்லாம் அது கேட்பதில்லை. சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்றது. மருந்தைப் பற்றிப் பொய்யான எண்ணம் உண்டாக்கும் விளம்பரத்தையும் தடுத்தது. தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதையும் தடுத்தது. முதன்முறை குற்றவாளி எனத் தீர்ப்பானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை.

'விளம்பரம்' என்பதற்கு அச்சட்டம் கூறும் இலக்கணத்தை வழக்கறிஞர் நண்பர் படித்துக் காட்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நோட்டீஸ், சுற்றறிக்கை, சீட்டு, மேலுறை ஆகியவற்றோடு, வாயினால் சொல்லுவதும், ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ அறிவிப்பதும் விளம்பரமாகும் என்று அதில் இருக்கிறது. ஆகாயத்தில் விமானப் புகையால் எழுதுவதை எண்ணி அவ்வாறு எழுதினர் போலும். எனக்கோ லண்டன் கம்பெனியின் பந்து நினைவுக்கு வந்தது.

இச்சட்டத்தை முதலில் சோதனைக்கு உட்படுத்தியவர்கள் சந்துமுனை வைத்தியர்கள் அல்லர். 1906இல் டில்லியில் தோன்றி யூனானி மருத்துவத்தில் பெரும்பெயர் பெற்ற ஹம்தர்த் தவாகானாவே உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. வட நாட்டில் வாழும் நம்மவர் ஒவ்வொருவரும் கோடையில் அருந்தும் ரூஹ் அஃப்ஸா சர்பத்தைத் தந்த நிறுவனம் அது. அதன் விளம்பரங்கள் 3ஆம் பிரிவை மீறுகின்றன என்றும், வெளி மாகாணங்களுக்கு அனுப்பிய சரக்குகளைத் திரும்பப் பெறவேண்டும் என்றும் டில்லி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 1958 டிசம்பர் 4ஆம் தேதி அறிவித்தார். பேச்சுரிமை அரசியல் சட்டம் தந்த உரிமை, விளம்பரமும் பேச்சே, எங்கள் மருந்தைப் பற்றி மக்களுக்குக் கூறுவதைத் தடுப்பது அவ்வுரிமையைப் பறிப்பதாகும் என்பது ஹம்தர்தின் வாதம். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று. மேனாட்டு மருத்துவத்தைப் போற்றி நாட்டு மருத்துவத்தை நசுக்கும் கருவியாக இச்சட்டம் மாறக்கூடும் என்ற அச்சம் அன்று நியாயமாகவே பலரிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

1959 டிசம்பர் 18ஆம் தேதி நீதிபதி ஜே. எல். கபூர் தீர்ப்பைப் படித்தார். விளம்பரம் ஒருவகைப் பேச்சே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எந்தப் பொருளை முன்னிட்டுச் செய்யப்படுகிறதோ அதைக் கொண்டே அதன் தன்மையை அறியவேண்டும். கருத்தைப் பரப்பும் பேச்சு வேறு, சரக்கை விற்கும் பேச்சு வேறு. தடுக்கப்பட்ட மருந்துகளை விற்பதற்கான விளம்பரம் அரசியல் சட்டம் காக்கும் பேச்சுரிமைக்குள் வாராது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மருத்துவரைக் காணாமல் விளம்பரத்தை நம்பித் தமக்குத் தாமே மருந்து உண்ணும் கேட்டைத் தடுப்பதே இச்சட்டத்தின் நோக்கம் என்றும் மன்றம் கண்டது.

ஆனால் அரசாங்கத்திற்கு முழு வெற்றி கிட்டவில்லை. எந்தெந்த நோய்கள் இச்சட்டத்திற்கு உட்பட்டவை என்பதை விதிகள் மூலம் அரசாங்கமே சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்த சொற்களை, வரம்பற்ற அதிகாரம் என்று மன்றம் நீக்கியது. ஆட்சேபகரமான பொருள்களைக் கைப்பற்ற அதிகாரிகளுக்கு வரையறையின்றி இடங்கொடுத்த 8ஆம் பிரிவும் செல்லாதாயிற்று. சுருங்கக் கூறின், கத்தி கூரியதே என்று சொல்லிய மன்றம் அதன் பிடியைக் கழற்றி வைத்தது. அது சரியே என்பது என் எண்ணம். எது குற்றம் என்பதைப் பாராளுமன்றம் சொல்லவேண்டும். அலுவலகத்து மேசையில் அமர்ந்து எங்களைப் போன்ற எழுத்தர்கள் சேர்த்து எழுதுவது சட்டமாகாது.

1963இல் பாராளுமன்றம் அக்குறையை நீக்கியது. நோய்களின் பட்டியலைச் சட்டத்துடனேயே இணைத்தது. 54 இனங்கள் கொண்ட அப்பட்டியலைப் படிப்பது மனித துக்கத்தின் அகராதியைப் படிப்பது போலிருக்கும். புற்றுநோய், குருடு, செவிடு, தொழுநோய், காக்கை வலிப்பு, பக்கவாதம், பைத்தியம், வெண்குஷ்டம், உடற்பருமன், ஆளின் உயரம் குறைவு வரை அதில் உள்ளன. மருத்துவத்தால் எளிதில் தீராதவையும், பிறரிடம் சொல்ல வெட்கப்படுபவையுமே பெரும்பாலும் அதில் இடம்பெற்றன என்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். பொய் விளம்பரம் விளையும் நிலம் அதுவன்றோ! அப்பட்டியலில் 9ஆவதாக நிற்பது நீரிழிவு.

என் சொந்தக் காரணத்தை இனிக் கூறலாம். என் தந்தையார் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிழைப்பை நாடி நாகபுரிக்கு வந்து, ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். பட்டறை முடிந்ததும் குளித்துவிட்டு நம் சங்கத்தின் நூல் நிலையத்திற்கு வருவார். ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பார். இந்திச் சுவர்களில் தீட்டியிருந்த வைத்தியர்களைக் கண்டு அவர் நகைத்ததை நான் அறிவேன். ஆனால் தமிழில் அச்சானது அவருக்கு ஊரார் சொல்லிய சொல். அயலூரில் வாழ்வோர்க்கு இது புரியும்.

1994ஆம் ஆண்டில் அவ்வாறு வந்த ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைக் கண்டார். நீரிழிவை 40 நாளில் அடியோடு அகற்றலாம், வேறு மாத்திரை வேண்டா என்பது அதன் செய்தி. அவருக்கு நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வி.பி.பி.யில் மருந்து தருவித்தார். ஒருமுறை அன்று, மூன்று முறை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தினார். தாயார் கேட்டபோது, உடம்பு தேறுகிறது என்றார். 1996இல் பட்டறையில் ஓர் இரும்புத் துண்டு விழுந்து கால் விரலில் புண் உண்டாயிற்று. அது ஆறவில்லை, அழுகியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 1997இல் காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு இவ்வேலை கிடைத்தது. எனக்கு அப்போது வயது 18. அழுகிய புண்ணும் அச்சட்டத்தின் பட்டியலில், நீரிழிவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்பதைப் பல ஆண்டு கழித்தே அறிந்தேன்.

என் தந்தையார் எவர்மீதும் புகார் செய்யவில்லை. கால் எடுத்த பின்பு வீடு வந்தவர் செய்த முதற்காரியம், தலையணைக்கடியில் மடித்து வைத்திருந்த அந்த விளம்பரத் துண்டை வெந்நீர் அடுப்பில் போட்டதுதான். தாயார் பார்த்துக்கொண்டே இருந்தார். 1954ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் அயர்ந்து கிடந்ததற்கு அதிகாரிகளின் மெத்தனத்தைக் காரணம் கூறுவர், அது உண்மையே. ஆனால் ஏமாந்தவரின் வெட்கமும் அதற்கு நிகரான காரணம் என்று நான் கருதுகிறேன். கார்லில் அம்மையாருக்கு அந்த வெட்கம் இல்லை. பந்தை உறிஞ்சியதை ஊரறியக் கூறினார். பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருந்தார்.

பின்னர் வந்த சட்டங்களை விரைந்து கூறிவிடுகிறேன். நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழுவின் யோசனைப்படி, 1969ஆம் ஆண்டின் ஏகபோக வாணிகத் தடைச் சட்டத்தில் 1984இல் 'நியாயமற்ற வாணிக முறை' என்னும் பகுதி சேர்ந்தது. மருந்தில் மட்டுமன்றி எப்பொருளிலும் மக்களைத் திசைதிருப்பும் விளம்பரம் அதன்படி விசாரணைக்கு உரியதாயிற்று. 1985இல் விளம்பரத் துறையினர் தமக்குத்தாமே ஒரு தர நிர்ணயக் கழகம் அமைத்துக்கொண்டனர். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாதாரண மனிதன் பெருஞ்செலவின்றி முறையிட மாவட்டந்தோறும் மன்றங்கள் ஏற்பட்டன.

திசைதிருப்புவது எது என்பது எளிதான வினா அன்று. நோவினோ என்ற பாட்டரி, ஜப்பானின் நேஷனல் பானாசோனிக் கூட்டுறவோடு செய்யப்படுவது என்று விளம்பரம் செய்யப்பட்டது. கூட்டுறவு செய்த கம்பெனியின் பெயரோ மட்சுஷிடா. பெயர் பொய்யன்றோ என்று வழக்கு எழுந்தது. நேஷனல், பானாசோனிக் என்பவை அந்த மட்சுஷிடாவின் சரக்குப் பெயர்களே. மக்கள் அறிந்ததும் அப்பெயர்களையே. ஆகவே வாங்குவோர் ஏமாறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்த்தது. சொல் பிழையாக இருந்தும் எண்ணம் பிழையாகவில்லை. இதன் மறுபுறமும் உண்டு: ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும், படித்தவன் மனத்தில் பொய்யே பதியுமாறு செய்ய இயலும். 1995இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாணிக விளம்பரத்திற்கும் பேச்சுரிமை உண்டு என்று ஹம்தர்த் தீர்ப்பின் கடுமையைத் தளர்த்தியது. எனினும் வஞ்சிக்கும் விளம்பரத்தை அரசு தடுக்கலாம் என்பதைக் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க ஒரு மத்திய அதிகாரத்தை ஏற்படுத்தியது. சரக்கைப் புகழ்ந்து படத்தில் தோன்றும் நடிகரையும் விளையாட்டு வீரரையும் அது விடவில்லை; ஓராண்டு வரை, மறுமுறையாயின் மூன்றாண்டு வரை, அவர்கள் விளம்பரத்தில் தோன்றக்கூடாது என்று தடுக்கலாம்.

1954ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் ஊரார் பேச்சில் அடிபட்டது, பதஞ்சலி நிறுவனத்தின்மீது இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கினால். ரத்த அழுத்தம், நீரிழிவு முதலியன அடியோடு தீரும் என்ற பொருளில் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களே அதற்குக் காரணம். இனி அவ்வாறு செய்யோம் என்று 2023 நவம்பர் 21ஆம் தேதி நிறுவனத்தின் சார்பில் வாக்குறுதி அளிக்கப்பட்டது. அது மீறப்பட்டது என்று கண்டு 2024 பிப்ரவரியில் மன்றம் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது. ஏப்ரலில் நிறுவனத்தார் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டனர். அப்போது நீதிபதிகள் கேட்ட ஒரு கேள்வியை நான் மிகவும் ரசித்தேன். விளம்பரம் எத்தனை பெரிதாக வந்ததோ, மன்னிப்பும் அத்தனை பெரிதாக வந்ததா என்பதே அக்கேள்வி. மறுநாள் பெரிய அளவில் மன்னிப்பு அச்சாயிற்று. 2024 ஆகஸ்ட் 13ஆம் தேதி மன்றம் மன்னிப்பை ஏற்று அவமதிப்பு நடவடிக்கையை முடித்தது. இச்சட்டத்தின்கீழ் மக்கள் எளிதில் முறையிட வழி செய்யுமாறு 2025 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் அது கட்டளை இட்டது. பட்டியலில் 9ஆவதாக நீரிழிவு சேர்ந்து அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழக்கறிஞர் நண்பரிடம் என் தந்தையாரின் செய்தியை முதன்முதலாகக் கூறியபோது அவர் ஒன்றே கேட்டார்: 'விளம்பரம் எங்கே?' என்னிடம் இருந்தவை மூன்று வி.பி.பி. உறைகள், ஒரு காலிச் சீசா, ஆஸ்பத்திரிச் சீட்டு. உறையில் தபால் பெட்டி எண் மட்டுமே காணப்பட்டது. இவற்றால் பயனில்லை, அச்சட்டம் பிடிப்பது விளம்பரத்தையே என்றார் அவர். காலம் கடந்துவிட்டதாகையால் வழக்குத் தொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை; அந்தச் சொற்களை ஒருமுறை என் கண்ணால் படிக்க வேண்டும் என்ற ஆசைதான்.

நம் சங்கத்து நூல் நிலையத்தில் பழைய வாரப் பத்திரிகைகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து 1994ஆம் ஆண்டுக் கட்டைப் புரட்டினேன். அக்கட்டில் ஓர் இதழின் கடைசிப் பக்கத்திற்கு முந்திய பக்கத்தில் நான்கு அங்குலத்திற்கு மூன்று அங்குலம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. கத்தரிக்கோலால் அன்று, அடிக்கோல் வைத்து பிளேடினால் வெட்டியது. நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. பட்டறையில் தகடு வெட்டுபவர் கை அப்படித்தான் வெட்டும்.

சங்கத்தின் பத்திரிகையை அவ்வாறு வெட்டியது குற்றமே. அவர் சார்பில் நூல் நிலையத்தாரிடம் இம்மலரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.